ஒரு விரல் இடைவெளி

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டினாலும், ஏதோ ஓரிடத்தில் அது பெரியப்பா உடைத்த தெருவாக இருக்கும். குடிநீர்க் குழாய்க்காக உடைப்பார்கள், மூடுவார்கள். பிறகு கேபிளுக்காக அதே இடத்தை மறுபடி உடைப்பார்கள். மூடிய இடம் மழைக்கு அமுங்கிப் பள்ளமாகும். "சைக்கிள் தூக்கிப் போட்டா, அங்க நான் வேலை பாத்திருக்கேன்னு அர்த்தம்" என்று பெரியப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"பெருமையைப் பாரு. உங்களால இடுப்பு பிடிச்சவங்க எல்லாம் எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றாங்க" என்பார் பெரியம்மா. "நீங்க ஒடைக்கிறீங்க, நான் அவங்க படுக்கை விரிப்பைத் துவைக்கிறேன். நல்ல ஜோடி."

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். மாடியில் அவர்கள் இருவரும், கீழே நாங்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால், கடைக்குப் போவதானாலும் மருத்துவரிடம் போவதானாலும் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள்.

கான்கிரீட் உடைக்கும் மெஷினைப் பிடிப்பது பெரியப்பாவின் வேலை. இரண்டு கைப்பிடிகளையும் அழுத்திப் பிடித்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கி நிற்க வேண்டும். மெஷினை நிறுத்திய பிறகும் கை வெகுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் மெஷின் பிடிக்கிறவர்கள் யாரும் முழு கிளாஸ் டீ வாங்க மாட்டார்கள். அரை கிளாஸாக இரண்டு முறை வாங்குவார்கள். முழு கிளாஸ் வாங்கினால் பாதி சட்டைக்குப் போய்விடும். வீட்டிலும் பெரியப்பாவுக்கு அரை கிளாஸ்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவரை டமாரம் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

பெரியம்மாவை அவர் முதலில் பார்த்ததும் ஒரு குழியின் ஓரத்தில்தான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பெண், குழிக்கு அந்தப் பக்கம் போக முடியாமல் நின்றிருக்கிறாள். இவர் மெஷினை நிறுத்திவிட்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிப் போய் மறுபக்கம் வைத்திருக்கிறார். மறுநாளும் அவள் அதே வழியாக வந்திருக்கிறாள். "சுத்திப் போற வழி திறந்துதான் இருந்துச்சு" என்று பெரியம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் சேர்த்துக்கொள்வார். "இவரு கேக்கவே இல்லை. நானும் சொல்லலை."

பெரியப்பாவுக்குக் காலை வேலை. பெரியம்மாவுக்கு மதியம் தொடங்கி ராத்திரி முடிகிற வேலை. வாரத்தில் ஆறு நாள் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் வீட்டுக்குள் வருவார். மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்று விடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் வாய்க்கால் கரைக்குப் போய்விடுவார்கள். அங்கே மதகு வரைக்கும் ஜல்லி போட்ட பாதை. லாரி கிடையாது, பள்ளமும் கிடையாது. பெரியப்பாவுக்கு ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் பக்கத்தில் ஒருத்தி சைக்கிள் ஓட்டிக்கொண்டு வர, இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி போனால் பேச்சு தானாக வரும். மேஸ்திரியோடு போட்ட சண்டை, தன் அம்மா சாகும்போது சொன்னது, அடுத்த மாதம் வாங்க நினைக்கும் மிக்ஸி, எல்லாவற்றையும் அந்தப் பாதையில்தான் பேசிக்கொள்வார்கள். குடும்ப விஷயம் எதைக் கேட்டாலும், "ஞாயித்துக்கிழமை கேட்டுச் சொல்றேன்" என்பார் பெரியம்மா. பக்கத்து அறையில் இருக்கிற புருஷனிடம் கேட்க ஞாயிறு வரைக்கும் என்ன காத்திருப்பு என்று என் அம்மா சிரிப்பாள்.

ஒரு குளிர்காலத்தில் பெரியப்பாவின் விரல் நுனிகள் சுண்ணாம்பு தேய்த்ததுபோல் வெளுத்தன. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். பிறகு நன்றாக வெயில் அடிக்கும் நாளிலும் வெளுத்தன. நான்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மருத்துவர் ஒரு குண்டூசியை எடுத்து அவர் விரல்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு, மெஷினைப் பிடித்துப் பிடித்துக் கை நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்றார்.

"சரியாயிடுமா?" என்று கேட்டார் பெரியம்மா.

"மெஷினை இன்னிக்கே விடணும். எந்த அதிர்வும் கையில படக் கூடாது. விட்டா சில பேருக்கு உணர்ச்சி திரும்பி வரும். சில பேருக்கு வராது."

"இவருக்கு வரும்" என்றார் பெரியம்மா.

மெஷினை விட்டார். வேலை நடக்கும் இடத்தில், ஒரு பக்கம் 'நில்' என்றும் மறுபக்கம் 'போ' என்றும் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு வண்டிகளை ஒழுங்குபடுத்தும் வேலை கொடுத்தார்கள். டமாரம் என்ற பெயர் போய், போலீஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஒரு நாள் தெருவில் யாரோ கூப்பிட்டபோது நாங்களாகத் தெரிந்துகொண்டோம்.

சைக்கிளையும் விட வேண்டியதாயிற்று. அவருடைய பழைய சைக்கிளில் டயர் மெல்லியது. ஜல்லியில் போனால் ஒவ்வொரு கல்லும் ஹேண்டில்பார் வழியாக நேரே கைக்கு வரும். அவர் விட்டதும் பெரியம்மாவும் விட்டுவிட்டார். "தனியா போய் யார்கிட்ட பேசறது? வாய்க்கால்கிட்டயா?" ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மேலே சத்தமே இல்லையே, வெளியே போயிருக்கிறார்களோ என்று நினைத்து நான் மாடிக்குப் போனால், இருவரும் அங்கேயே இருப்பார்கள்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு காலையில் பெரியப்பா, "மோதிர விரல் வந்துடுச்சு" என்றார்.

பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, "வாங்க சார், வாங்க. இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க? வீட்டு ஞாபகம் இப்பத்தான் வந்துச்சா?" என்று கேட்டார். பெரியப்பா சிரித்தார். அவர் சிரித்த சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது.

அதன் பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. நடுவிரல் வந்தது. சில வாரம் கழித்துச் சுண்டு விரல். ஒவ்வொன்றையும் பெரியம்மா விருந்தாளி வந்ததுபோல் வரவேற்றார். சுண்டு விரலிடம், "நீ சின்னப் புள்ளை, உன்னைக் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். வலது கை முழுவதும் வந்துவிட்டால் புதுச் சைக்கிள் வாங்குவது என்று பேசிவைத்தார்கள். அகலமான டயர் போட்டது; கல்லில் போனால் கைக்குத் தெரியவே கூடாது. விவரங்களைத் தேடிப் படிக்கும் வேலை என்னுடையது. அகலமான டயர் என்றால் காற்றைக் குறைத்து ஓட்டலாம், மெத்தைபோல் போகும், ஆனால் அந்த அகலத்துக்கு இடம்விடுகிற ஃபிரேம் வேண்டும் என்று அவர்களுக்குப் படித்துச் சொன்னேன்.

"சேறு ஒட்டினாலும் சுத்தணும்" என்றார் பெரியப்பா. "மழைக்கப்புறம் மதகுகிட்ட களிமண்ணு. பழைய சைக்கிள்ல அது போய் அடைச்சுக்கிச்சுன்னா, சைக்கிள் நம்மளைச் சுமக்காது, நாமதான் அதைச் சுமக்கணும்."

"அதனால என்ன, உங்களுக்குச் சைக்கிள் தூக்கறது புதுசா?" என்றார் பெரியம்மா.

ஆள்காட்டி விரலும், கடைசியாகக் கட்டைவிரலும் வந்துவிட்டதாகப் பெரியப்பா சொன்ன வாரம், மூவரும் சைக்கிள் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முப்பது வயதுக்குள் இருப்பார். பேசும்போதும் ஒரு துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்லுங்க சார், சொல்லுங்கக்கா" என்றார்.

"அதென்ன, அவரு சார், நான் மட்டும் அக்காவா?" என்றார் பெரியம்மா. "நானும் வேலைக்குப் போறவதான் தம்பி."

"தப்புதான் மேடம்."

"வேண்டாம், அக்கான்னே கூப்பிடு. மேடம்னா விலையை ஏத்திடுவ."

கடைக்காரர் முதலில் காட்டியது சிவப்பு நிறச் சைக்கிள். ஒரு கையால் தூக்கலாம் போல எடை குறைவு. பெரியப்பா குனிந்து, முன் சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். "போகலை. களிமண் வேண்டாம், ஒரு கல்லு மாட்டினாலே போதும்" என்றார். அடுத்தது பச்சை. முன்னால் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் பின்னால், பெடலுக்குப் பக்கத்தில் ஃபிரேம் குறுகும் இடத்தில் டயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் முன்னாடி மட்டும்தான் பாப்பாங்க. நீங்க பின்னாடியும் பாக்குறீங்களே" என்றார் கடைக்காரர்.

"ஓட்டப்போறவன் பாக்கணும்ல."

மூன்றாவது சாம்பல் நிறம். பார்த்ததுமே பெரியப்பாவுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. டயர் பெரியம்மாவின் மணிக்கட்டு அகலம் இருந்தது. அதை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார் கடைக்காரர். பின் சக்கரம் சத்தமில்லாமல் வேகமாகச் சுழன்றது. "பாருங்க, இவ்வளவு பெரிய டயர் போட்ட பிறகும் ரெண்டு பக்கமும் எவ்வளவு இடம் இருக்குன்னு."

பெரியப்பா சைக்கிளின் அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். "ஆமாமா. ஒரு விரல் தாராளமா போகுது" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, இதில் காற்றைக் குறைத்துப் போட்டால் ஜல்லிப் பாதை எப்படி இருக்கும், மதகுக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்க்கலாம், அங்கே இதுவரை போனதே இல்லையே என்றெல்லாம் பேச ஆரம்பித்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தே பேசினார். அப்படி அவர் பேசி நான் பார்த்ததில்லை.

சுழலும் டயரின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. டயரிலேயே இருக்கும் கோடு என்று நினைத்தேன். பிறகு அது அகலமாயிற்று. கீழே தரையில் சொட்டியது.

"சார்! கையை எடுங்க!" என்று கத்தினார் கடைக்காரர்.

பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டு, எந்தக் கை என்பதுபோல் அவரைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் குனிந்து பார்த்தார். விரலை எடுத்தபோது, டயரின் முரட்டு ரப்பர் முனைகள் உரசி உரசி ஒரு பக்கத் தோல் முழுவதும் வழன்றுபோயிருந்தது. மோதிர விரல்.

கடைக்காரர் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்தார். பெரியம்மா விரலைக் கழுவினார், மருந்து போட்டார், கட்டினார். மருந்து படும்போது எனக்கே பல் கூசியது. பெரியப்பா முகம் சுளிக்கவில்லை. கட்டி முடித்த கையைக் கண்ணாடி மேசையின்மேல் வைத்து, பெரியம்மா சொன்னார்: "கண்ணை மூடுங்க."

"எதுக்கு இப்ப? கடையில வெச்சு..."

"மூடுங்க."

மூடினார். பெரியம்மா அவருடைய ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டார். "இது எது?"

"ஆள்காட்டி."

அடுத்ததைத் தொட்டார். "இது?"

"நடுவிரல். எல்லாம் சரியாத்தான் இருக்கு, நான் ஏதோ பேச்சு சுவாரசியத்துல..."

பெரியம்மா கையை எடுத்துக்கொண்டார். ஒன்றும் செய்யாமல் நின்றார். கடைக்காரரும் நானும் அசையவில்லை.

"இப்ப சுண்டு விரல்" என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமல். "சரியா?"

அவர் கண்ணைத் திறந்தபோது, பெரியம்மா இரண்டு கையையும் புடவைக்குள் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒண்ணுமே வரலையா?" என்று கேட்டார் பெரியம்மா.

பெரியப்பா இல்லை என்று தலையாட்டினார்.

"மோதிர விரல்?"

"அன்னிக்கு வந்த மாதிரி இருந்துச்சு. டீ சுட்ட மாதிரி இருந்துச்சு. மறுநாள் இல்லை." கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். "நீ சிரிச்ச. வந்துடுச்சுன்னு சொன்னதுக்கு அப்படிச் சிரிச்ச. அப்புறம் அடுத்த விரலைச் சொல்லாம எப்படி இருக்கறது?"

அவர் எதைச் செய்தாலும் பார்த்துப் பார்த்துச் செய்ததை நாங்கள் எல்லோரும் கண்டிருந்தோம். பட்டனைப் பார்த்தபடியே போடுவார். கிளாஸ் உதட்டுக்கு வரும்வரை அதன்மேல் இருந்து கண்ணை எடுக்க மாட்டார். வயதாக ஆக நிதானம் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

"கை இப்படி இருக்க, எப்படி ஓட்டலாம்னு நினைச்சீங்க? பிரேக்கை எப்படிப் பிடிப்பீங்க?" பெரியம்மாவின் குரல் எழும்பவே இல்லை.

"டயர் அகலமா இருந்தா சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்."

மருத்துவர் அதிர்வு கூடாது என்று சொல்லியிருந்தார். அதிர்வுக்கு என்ன செய்யலாம் என்றே நாங்கள் மூவரும் அத்தனை வாரமும் யோசித்திருக்கிறோம். பிரேக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கை வந்துகொண்டிருக்கிறது என்று பெரியம்மாவும் நானும் நம்பியிருந்தோம். பெரியப்பா அதைக்கூட நம்பவில்லை. அந்த டயரை மட்டும் நம்பியிருந்தார்.

கடைக்காரர் துணியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "சார், ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டற சைக்கிள் ஒண்ணு இருக்கு. அக்கா முன்னாடி உக்காந்து பிரேக், ஹேண்டில்பார் எல்லாம் பாத்துக்குவாங்க. நீங்க பின்னாடி பெடல் பண்ணா போதும்."

"பின்னாடியா? அவ முதுகைப் பாத்துக்கிட்டு என்னத்தைப் பேசறது?" என்றார் பெரியப்பா. சிரிக்க முயன்றார். "வேண்டாம் தம்பி. நான் என்ன மூட்டையா, ஏத்திக்கிட்டுப் போக?"

பிறகு சாம்பல் நிறச் சைக்கிளைக் காட்டி, "இதுலயே அவங்க உயரத்துக்கு இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு வேண்டாம்" என்றார் பெரியம்மா.

"வாங்கிக்கோ."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

"என் கைதான் போச்சு. உன் காலுக்கு என்ன? எனக்காக நீயும் வீட்டுல உக்காந்திருக்கறதை என்னால பாத்துக்கிட்டே இருக்க முடியலை. தயவுசெஞ்சு வாங்கிக்கோ." அவர் பெரியம்மாவிடம் தயவுசெய்து என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வாங்கினார்கள். அந்தக் கடையில் வேறு எதுவும் செய்ய முடியாமல் போனதால் வாங்கினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில் வேனில் சைக்கிள் சாயாமல் இருக்கப் பெரியப்பா அதன் சீட்டின்மேல் முழங்கையை ஊன்றியிருந்தார்.

பெரியம்மா சில வாரம் அதைத் தொடவில்லை. கோபமா என்று கேட்டேன். "கோபம்னா திட்டித் தீத்திருப்பேனே" என்றார். "நான் ஒவ்வொரு விரலுக்கும் வாங்க வாங்கன்னு கூத்தடிச்சேனே, அப்ப இவரு எப்படி நின்னுக்கிட்டு இருந்திருப்பாருன்னு நினைச்சாத்தான்..."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவே சைக்கிளை மாடியிலிருந்து இறக்கச் சொன்னார். நான் இறக்கினேன். "நான் கூட நடந்து வர்றேன். நீ மெதுவா ஓட்டு" என்றார். இருவரும் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்தபோது பெரியம்மாவின் முழங்கை சிராய்ந்து, புடவையில் மண் ஒட்டியிருந்தது. காயத்தைத் துடைக்கும்போது நடந்ததைச் சொன்னார். நடக்கிறவர் வேகத்துக்கு ஜல்லியில் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. எவ்வளவு அகலமான டயராக இருந்தாலும் அந்த வேகத்தில் நிற்காது. ஹேண்டில்பாரை ஒடித்து ஒடித்துச் சமாளித்தவர், வாய்க்கால் திருப்பத்தில் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். முதலில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கிறது. பெரியப்பா கையைக் கொடுத்திருக்கிறார். பெரியம்மாவும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். பெரியப்பாவின் விரல்கள் மூடவில்லை. கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"அவரு மறுபடியும் கொடுத்தாரு" என்றார் பெரியம்மா. "நான் பாக்காத மாதிரி தரையில ஊணி எழுந்துட்டேன்."

இப்போது அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பெரியப்பா விடியும் முன்பே தனியாக நடக்கத் தொடங்கிவிடுவார். வெகுநேரம் கழித்துப் பெரியம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வாய்க்கால் பாதையில் எங்கேயோ ஓரிடத்தில் அவரைப் பிடித்துவிடுவார். மணியடித்தால் பெரியப்பா ஓரம் ஒதுங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே பேச ஆரம்பிப்பார். பக்கத்தில் வந்து கடந்து போகும்வரை பெரியம்மா கேட்பார். வேகத்தைக் குறைத்தால் சைக்கிள் சாய்ந்துவிடும், அதனால் குறைப்பதில்லை. மதகில் போய் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருப்பார்.

"பாதிதான் கேக்கும்" என்றார் என்னிடம். "மீதியை மதகுல வந்து சொல்லுங்கன்னு கத்திட்டுப் போவேன். சரின்னுவாரு. வந்து எதிர்ல உக்காந்தா, என்ன சொன்னேன், மறந்துபோச்சேன்னு தண்ணியைக் குடிச்சுட்டு வாய்க்காலைப் பாப்பாரு."